பென்சிலின் இன்னும் கேட்குமா? இரட்டைக் கதவுக் கிருமிகளுடன் மருந்து நடத்தும் போராட்டம்

பாட்டிக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மறுநாள் காய்ச்சல், நடுக்கம். மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஓரிரு நாளில் பரிசோதனை முடிவு வருகிறது. அதில் இரண்டு சொற்கள்: இ.கோலை, இஎஸ்பிஎல்.

"போன வருஷம் இதே மாதிரி வந்தப்ப மாத்திரை கொடுத்தாங்களே, அதையே கொடுத்தா என்ன?" என்று பாட்டி கேட்கிறார்.

"இந்தக் கிருமிக்கு அது கேக்காதும்மா. ஊசி வழியாத்தான் மருந்து ஏத்தணும்" என்கிறார் டாக்டர்.

இப்படி ஓர் உரையாடல் பல குடும்பங்களில் நடந்திருக்கும். போன வருடம் கேட்ட மருந்து இந்த வருடம் ஏன் கேட்கவில்லை? பென்சிலின் குடும்ப மருந்துகளின் காலம் முடிந்துவிட்டதா?

இல்லை. ஆனால் சில கிருமிகளிடம் அவை தனியாகப் போய் ஜெயிப்பது கடினமாகிவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

'கிராம் நெகட்டிவ்' என்றால் என்ன?

'கிராம்' என்பது இங்கே எடை அல்ல, ஒருவரின் பெயர்.

டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1884ஆம் ஆண்டில் பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்தார். நுண்ணோக்கியில் பாக்டீரியாக்கள் தெளிவாகத் தெரிய ஒரு வழி தேடினார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் சேர்த்து, பிறகு ஆல்கஹாலால் கழுவினார்.

சில பாக்டீரியாக்கள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. அவை கிராம் பாசிட்டிவ். சில நிறத்தை இழந்தன. அவை கிராம் நெகட்டிவ். இரண்டாவது வகையும் கண்ணில் படுவதற்காக இளஞ்சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கம் பின்னாளில் வந்தது.

வெறும் சாய வித்தை போலத் தெரிந்தாலும், அது காட்டியது கிருமியின் உடலமைப்பை.

கிராம் பாசிட்டிவ் கிருமிக்குத் தடிமனான சுவர் உண்டு, அதற்கு வெளியே வேறு சவ்வு இல்லை. கிராம் நெகட்டிவ் கிருமிக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கும்.

வீவக வீடுகளில் மரக் கதவுக்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு இருக்குமே, கிட்டத்தட்ட அதைப் போல.

இ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபேக்டர் எல்லாம் இந்த இரட்டைக் கதவு வகையைச் சேர்ந்தவை. சிறுநீர்ப் பாதைத் தொற்று, நுரையீரல் அழற்சி, ரத்தத்தில் கிருமித் தொற்று என்று மருத்துவமனைகளில் அதிகம் பேசப்படும் பெயர்கள்.

பென்சிலின் அப்படி என்னதான் செய்கிறது?

கிருமியை நேரடியாக விஷம் வைத்துக் கொல்வதில்லை. அதன் கட்டட வேலையைக் கெடுக்கிறது.

பாக்டீரியாவின் சுவர், வலை போன்ற ஒரு பொருளால் ஆனது. சர்க்கரைச் சங்கிலிகள் நீளவாக்கில் ஓடும். குட்டிப் புரத இழைகள் அவற்றைக் குறுக்கே பிணைக்கும். இந்தப் பிணைப்பைப் போட்டுத் தருவதற்கென்றே கிருமியிடம் சில நொதிகள் இருக்கின்றன. கட்டுமானத் தளத்தில் வெல்டிங் வேலை பார்ப்பவர்கள் மாதிரி.

பென்சிலின் மூலக்கூறின் நடுவில் நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறிய வளையம் இருக்கிறது. அதன் பெயர் பீட்டா-லாக்டம். அந்த வளையம் இருக்கும் பகுதி, நொதி பிணைக்க வேண்டிய புரத இழையின் நுனியைப் போலவே தோன்றும். நொதி ஏமாந்து அதைப் பிடிக்கிறது. பிடித்ததும் வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு நொதியின் வேலை நின்றுவிடுகிறது.

கிருமி வளரும்போது பழைய சுவரை வெட்டி, புதிய துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெட்டும் வேலை தொடர்கிறது. இணைக்கும் வேலை நடக்கவில்லை. சுவர் பலவீனமாகிறது. உள்ளே இருக்கும் அழுத்தம் தாங்காமல் கிருமி வெடித்துப்போகிறது.

மனித உயிரணுக்களுக்கு இந்தச் சுவரே கிடையாது. அதனால்தான் பென்சிலின் நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் தாக்க முடிகிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பிரச்சினை வேறு வழியில் வருகிறது.

அப்புறம் ஏன் கிராம் நெகட்டிவ் கிருமியிடம் தடுமாறுகிறது?

அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1928ஆம் ஆண்டு லண்டனில் கண்டறிந்த பென்சிலின், பெரும்பாலும் கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம்தான் நன்றாக வேலை செய்தது. இ.கோலை போன்றவை அசரவில்லை.

காரணம் அந்த இரும்புக் கதவு.

கிராம் நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வு லேசில் எதையும் உள்ளே விடாது. உணவுச் சத்துகள் உள்ளே போக மட்டும் நீர் நிறைந்த மிகச் சிறிய துவாரங்கள் உண்டு. அவற்றுக்குப் போரின் என்று பெயர். நீரோடு நன்றாகச் சேராத மூலக்கூறுகள் அதன் வழியே எளிதில் நுழைய முடியாது. ஃபிளெமிங்கின் பென்சிலினுக்கு இதே கஷ்டம்தான்.

1961ஆம் ஆண்டு ஆம்பிசிலின் வந்தது. பென்சிலின் மூலக்கூறில் அமினோ தொகுதி ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சின்ன மாற்றத்தால் துவாரத்தின் வழியே நுழைவது எளிதானது. இ.கோலையும் அதற்குப் பணிந்தது. இன்று நம் வீடுகளில் நன்கு தெரிந்த அமோக்சிசிலின், ஆம்பிசிலினின் நெருங்கிய உறவு. பிறகு வந்த பைபெராசிலின், பிடிவாதக்காரச் சூடோமோனாஸையும் தாக்கியது.

ஆக, உள்ளே நடக்கும் வேலை அதே சுவர் வேலைதான். ஒவ்வொரு புதிய மருந்தும் போராடியது, அந்த இடத்துக்கு உயிரோடு போய்ச் சேர்வதற்காக.

கிருமி சும்மா இருக்குமா?

இல்லை. மருந்தை எதிர்க்க அதனிடம் நான்கு முக்கிய வழிகள் உண்டு.

முதலாவது, கதவைச் சாத்துவது. போரின் துவாரங்களைக் குறைத்துக்கொள்ளும், அல்லது குறுகிய துவாரங்களுக்கு மாறும்.

இரண்டாவது, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது. அதற்கென்றே கிருமியின் சவ்வுகளில் பம்புகள் இருக்கின்றன.

மூன்றாவது, மருந்து பிடிக்க வேண்டிய நொதியின் வடிவத்தை மாற்றிக்கொள்வது. கிராம் நெகட்டிவ் கிருமிகளில் இது மற்றவற்றைவிடக் குறைவு.

நான்காவதுதான் மிகப் பெரிய தலைவலி: மருந்தையே வெட்டிவிடுவது. பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி, பென்சிலினின் அந்த நான்கணு வளையத்தை உடைத்துவிடும். வளையம் உடைந்தால் பென்சிலின் வெறும் குப்பை.

இங்கே கிராம் நெகட்டிவ் கிருமிக்கு ஒரு வசதி. கிராம் பாசிட்டிவ் கிருமி இந்த நொதியை வெளியே கொட்ட வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பகுதி கரைந்து வீணாகும். கிராம் நெகட்டிவ் கிருமியோ, இரண்டு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் அதைக் குவித்து வைத்துக்கொள்ளும். வெளிக்கதவைத் தாண்டி வரும் ஒவ்வொரு மருந்து மூலக்கூறும் அந்தக் காவலைக் கடந்துதான் சுவருக்குப் போக வேண்டும்.

மருந்து சொட்டுச் சொட்டாக நுழைகிறது. உள்ளே கத்தியோடு காத்திருக்கிறார்கள். யார் ஜெயிப்பார்?

மருந்துக்கு முன்பே எதிர்ப்பு

பலர் நினைப்பது இப்படி: நாம் மருந்தை அதிகம் பயன்படுத்தினோம், அதற்கப்புறம் கிருமி எதிர்ப்பைக் கற்றுக்கொண்டது.

பாதி உண்மை.

பென்சிலினை வெட்டும் நொதியைப் பற்றி ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் 1940ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். பென்சிலின் பெரிய அளவில் நோயாளிகளுக்குக் கிடைப்பதற்கு முன்பே! அந்த நொதியை அவர்கள் எடுத்தது ஒரு கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவிடமிருந்து. நாம் இன்று இ.கோலை என்று சொல்லும் அதே கிருமி.

மண்ணில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வெகுகாலமாக ஒன்றோடொன்று போட்டிபோட்டு வாழ்கின்றன. ஆயுதமும் கேடயமும் நமக்கு முன்பே அங்கு இருந்தன.

அப்படியென்றால் நம் பங்கு என்ன? அரிதாக இருந்ததை நாம் பரவலாக்கினோம். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கேடயம் இல்லாத கிருமிகள் சாகின்றன. கேடயம் உள்ளவை பிழைத்துப் பெருகுகின்றன.

அதோடு, பாக்டீரியாக்கள் மரபணுக்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். பிளாஸ்மிட் என்ற சிறிய டிஎன்ஏ வளையம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்வது போலத்தான். இ.கோலை கிளெப்சியெல்லாவுக்கு அனுப்பும், அது இன்னொன்றுக்கு அனுப்பும்.

ஆம்பிசிலின் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1960களில் கிரீஸின் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த இ.கோலையில், பிளாஸ்மிட்டில் பயணம் செய்யும் பீட்டா-லாக்டமேஸ் கண்டுபிடிக்கப்பட்டது. டெம்-1 என்று பெயரிட்டார்கள். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

துணையோடு வந்த மருந்து

வெட்டும் நொதியைத் தடுத்துவிட்டால் பழைய பென்சிலினே போதுமே! இந்த யோசனையிலிருந்து வந்ததுதான் கிளாவுலானிக் அமிலம்.

1970களில் பிரிட்டனின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து இதை எடுத்தார்கள். இதிலும் பீட்டா-லாக்டம் வளையம் உண்டு. ஆனால் தனியாகக் கிருமியைக் கொல்லும் சக்தி மிகவும் குறைவு. இது வேறு வேலை செய்கிறது. வெட்ட வரும் நொதியிடம் தானே போய் மாட்டிக்கொள்கிறது. நொதி அதைப் பிடிக்கிறது, பிறகு விட முடியாமல் செயலிழந்துபோகிறது. துணை மருந்து தன்னைப் பலி கொடுக்கிறது. அந்த இடைவெளியில் அமோக்சிசிலின் சுவருக்குப் போய்ச் சேர்கிறது.

1981ஆம் ஆண்டு பிரிட்டனில் இந்த ஜோடி விற்பனைக்கு வந்தது. நமக்குத் தெரிந்த ஆக்மெண்டின் அதுதான். பைபெராசிலினுக்கும் பின்னர் டாசோபாக்டம் என்ற துணை கிடைத்தது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் அதிகம் ஏற்றப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

சரி, இஎஸ்பிஎல் என்றால் என்ன?

பாட்டியின் பரிசோதனை முடிவில் இருந்த அந்தச் சொல்.

பென்சிலினுக்குச் சிக்கல் வந்ததும் டாக்டர்கள் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை அதிகம் நம்பத் தொடங்கினார்கள். அவையும் பீட்டா-லாக்டம் குடும்பம்தான். பழைய வெட்டும் நொதிகளால் அவற்றை எளிதில் உடைக்க முடியவில்லை.

ஆனால் நொதிகள் மாறின. பழைய நொதியில் ஓரிரு இடங்களில் மட்டும் மாற்றம் ஏற்பட்டு, செஃபலோஸ்போரினையும் வெட்டும் புதிய வகைகள் உருவாயின. 1983ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து அதைப் பற்றிய தகவல் வெளியானது. வெட்டும் எல்லை விரிந்துவிட்டதால் 'எல்லை விரிந்த பீட்டா-லாக்டமேஸ்' என்ற பொருளில் அமைந்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் இஎஸ்பிஎல்.

இஎஸ்பிஎல் ஒரு கிருமியின் பெயர் அல்ல. கிருமி கையில் வைத்திருக்கும் ஆயுதத்தின் பெயர். அதைச் சுமந்துகொண்டு ஒருவர் குடலில் எந்தத் தொல்லையும் இல்லாமல் கிருமி இருக்கலாம். சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போகும்போதுதான் சிக்கல்.

ஆய்வுக்கூடம் 'சரி' என்றது, ஆனால்...

இந்த நொதிகள் பலவற்றைத் துணை மருந்துகளால் தடுக்க முடியும். அப்படியானால் பைபெராசிலின்-டாசோபாக்டம் ஜோடியையே கொடுக்கலாமே? ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி அதற்குப் பணிகிறது என்று முடிவு வந்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய முக்கிய ஆய்வில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. அதன் பெயர் மெரினோ. சிங்கப்பூர் உட்பட 9 நாடுகளின் 26 மருத்துவமனைகளில் 2014 முதல் 2017 வரை நோயாளிகளைச் சேர்த்தார்கள். எல்லாருக்கும் ரத்தத்தில் இ.கோலை அல்லது கிளெப்சியெல்லா. செஃப்ட்ரியாக்சோன் என்ற செஃபலோஸ்போரின் அவர்களின் கிருமிக்குக் கேட்காது. ஆனால் பைபெராசிலின்-டாசோபாக்டம் கேட்கும் என்று பரிசோதனை சொன்னது.

ஒரு பிரிவினருக்கு அந்த ஜோடி. மற்றொரு பிரிவினருக்கு மெரோபெனம். மெரோபெனம், கார்பபெனம் வகையைச் சேர்ந்தது. பென்சிலினின் உறவுதான், ஆனால் இஎஸ்பிஎல் நொதிகளால் அதை வெட்ட முடியாது.

முடிவு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள், மெரோபெனம் பிரிவில் 3.7 விழுக்காடு. பைபெராசிலின்-டாசோபாக்டம் பிரிவில் 12.3 விழுக்காடு. எண்ணிக்கையில் சொன்னால் 191 பேரில் 7 பேர், 187 பேரில் 23 பேர்.

பிறகு அந்தக் கிருமிகளை வேறு முறையில் மறுபடி சோதித்தபோது, சில கிருமிகள் முதலிலேயே தவறாக 'பணிகிறது' என்று குறிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அவற்றை நீக்கிக் கணக்கிட்டால் இடைவெளி குறைந்தது. பல கிருமிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டும் நொதிகளை வைத்திருந்தன. அவற்றில் சிலவற்றை டாசோபாக்டம் சரியாகத் தடுப்பதில்லை.

இருந்தாலும் பாடம் தெளிவு. ரத்தத்தில் இருக்கும் இஎஸ்பிஎல் கிருமிக்கு டாக்டர் ஏன் 'பெரிய' மருந்தை எடுக்கிறார் என்பதற்கு இந்த எண்கள்தான் பதில். சிறுநீர்ப்பையோடு நிற்கும் லேசான தொற்று என்றால் கதை வேறு. அங்கே வேறு மருந்துகளுக்கு இடமுண்டு.

பெரிய மருந்தும் தோற்றால்?

இதுதான் இப்போதைய கவலை. கார்பபெனத்தையும் வெட்டும் நொதிகள் வந்துவிட்டன. கேபிசி, ஆக்ஸா-48, என்டிஎம் ஆகியவை அவற்றில் சில. என்டிஎம் துத்தநாக அணுக்களைக் கொண்டு வெட்டுவது. அதனால் கிளாவுலானிக் அமிலம் போன்ற துணைகள் அதனிடம் பலிப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில், கார்பபெனத்துக்குப் பணியாத அசினெட்டோபேக்டரும் இ.கோலை, கிளெப்சியெல்லா சார்ந்த கிருமிக் குடும்பமும் மிக அவசரப் பிரிவில் இருக்கின்றன. இஎஸ்பிஎல் போன்ற ஆயுதம் உள்ள அதே குடும்பத்துக் கிருமிகளும் அங்கேதான்.

2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களால் நேரடியாக ஏறக்குறைய 1.27 மில்லியன் பேர் இறந்திருக்கலாம் என்பது உலகளாவிய மதிப்பீடு.

ஆய்வாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவிபாக்டம் என்ற புதிய துணை, கேபிசி நொதியைத் தடுக்கிறது. அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்டிஎம் வெட்ட முடியாது, ஆனால் இஎஸ்பிஎல் வெட்டும். இரண்டையும் சேர்த்தால்? அவிபாக்டம் இஎஸ்பிஎல்லைப் பிடித்துக்கொள்ள, அஸ்ட்ரியோனம் வேலையை முடிக்கும். அந்த ஜோடிக்கு 2024ஆம் ஆண்டு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

செஃபிடெரோகால் இன்னும் சாமர்த்தியம். கிருமிக்கு இரும்புச் சத்து தேவை. இந்த மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. கிருமி இரும்பு என்று நினைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பழைய பென்சிலின்களும் திரும்பி வந்திருக்கின்றன. டெமோசிலினின் மூலக்கூறில் உள்ள ஒரு சிறு மாற்றம், இஎஸ்பிஎல் நொதியை அருகில் விடுவதில்லை. பிவ்மெசிலினம், சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஸ்கண்டிநேவிய நாடுகளில் வெகுநாளாகப் பழக்கத்தில் இருக்கும் மாத்திரை. இரண்டும் பென்சிலின் குடும்பம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்த மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மருந்துக்குப் பணியாத கிருமிகளைச் சமாளிக்க இரண்டு நாடுகளும் 2017ஆம் ஆண்டில் தேசியத் திட்டங்களைத் தொடங்கின. ஆனால் அலமாரியில் மிச்சமிருக்கும் மாத்திரையைச் சட்டம் தடுக்காது.

• "எனக்குக் கேட்டுச்சு, நீயும் போட்டுக்கோ" என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கிருமி வேறாக இருக்கலாம்.

• சளி, சாதாரணத் தொண்டைவலி பெரும்பாலும் கிருமி வகையில் வைரஸ். அதற்குச் சுவரே இல்லை, பென்சிலினுக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் உங்கள் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சந்திக்கும், பிழைப்பவை கேடயத்தோடு பிழைக்கும்.

• டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் என்று ஃபிளெமிங்கே 1945ஆம் ஆண்டு நோபெல் உரையில் எச்சரித்தார்.

• வீட்டில் யாருக்காவது இஎஸ்பிஎல் என்று முன்பு சொல்லியிருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள். முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

• மருத்துவமனையில் கையுறை, தனியறை என்று ஏற்பாடு செய்தால் சங்கடப்பட வேண்டாம். அது நோயாளியை ஒதுக்குவது அல்ல, பிளாஸ்மிட் பக்கத்துப் படுக்கைக்குப் போகாமல் தடுப்பது. பார்க்கப் போகிறவர்கள் கை கழுவுவதும் அதற்காகத்தான்.

பாட்டி மறுபடி கேட்டால் என்ன சொல்வது?

"பாட்டி, மருந்து மாறலை, கிருமி மாறிடுச்சு. பழைய மாத்திரை உள்ள போறதுக்குள்ள அது வெட்டிடுது. இப்ப ஏத்துறதும் அதே குடும்பத்து மருந்துதான், ஆனா இதை அதால வெட்ட முடியாது."

இவ்வளவு சொன்னால் போதும். மிச்ச மாத்திரை அலமாரியில் இருந்தால், அதை அப்போதே எடுத்து மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.